ஷெரிஃப் வீட்டுக் காளை

“சம்மனை யாரு கொண்டுபோய்க் கொடுக்கணும், லோர்னா? நான்தான். யாருக்குக் கொடுக்கணும்? எனக்குத்தான். எனக்கு நானே கொடுத்துக்க மாட்டேன், போ.”

சொல்லிவிட்டு, கவுண்டி என்கிற அந்தச் சின்ன மாவட்டத்துக்குத் தலைமைப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் வேட் ஹாக்கன், கவுண்டி ஆபீசில் கிளார்க்கின் மேசைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

லோர்னா சிரிக்கவில்லை. ஷெரிஃபின் காளை மூன்றாவது தடவையாக அவள் வேலியை முறித்து, குளிர்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த காய்ந்த புல்லை மிதித்து நாசம் பண்ணியிருந்தது. மிச்சம் இருப்பது பதினொரு பசுக்களுக்கு ஒரு மாதம்கூட வராது. கெட்டுப்போன புல்லைப் புல்லாகவே திருப்பிக் கொடுக்கச் சொல்லித்தான் வழக்கு. அந்தக் கவுண்டிக்கு நீதிபதி மாதம் ஒரு நாள்தான் வருவார். இந்த வியாழனைத் தவறவிட்டால் அடுத்தது பனி மூடிய பிறகுதான். அதற்குள் மாடுகளை விற்றாக வேண்டும்.

கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களிடமும் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தாள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ரோட்டுக்குச் சரளை போடுவதும் பாலத்தைப் பார்ப்பதும்தான் தங்கள் வேலை, ஷெரிஃப் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், அவருக்கு உத்தரவு போடத் தங்களால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

“அதான் சொல்றேனே, இந்தக் கவுண்டியில என்னை அதட்ட ஆள் கிடையாது” என்றபடி ஷெரிஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் கிளார்க் நெட்டி தடித்த சட்டப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிப் புரட்டினாள். பிறகு, சம்மன் காகிதத்தைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போய் வேலியைக் கட்டச் சொல்லி லோர்னாவை அனுப்பிவைத்தாள்.

புதன் மதியம். ஷெரிஃப் சாப்பாட்டுக் கடையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பைத் தின்றுகொண்டிருந்தார். வாசலில் நீளமான கறுப்பு வண்டி வந்து நின்றது.

ஆர்லோ இறங்கினார். ஊரில் யார் செத்தாலும் முதலில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கிற கரோனர் அவர். அடக்கம் பண்ணும் கடையும், சவப்பெட்டி ஏற்றும் அந்த வண்டியும் அவருடையதுதான். வீட்டாருக்குச் சேதி சொல்லப் போகிற அன்றைக்குத்தான் டை கட்டுவார். அன்று கட்டியிருந்தார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஷெரிஃபின் மேசைக்கு வந்தார். கடையில் கரண்டிச் சத்தம் அடங்கியது.

ஷெரிஃபின் முகம் வெளுத்துவிட்டது. “அம்மாவா?”

“இல்லப்பா.”

“தம்பியா? சொல்லுங்க ஆர்லோ அண்ணே, தாங்கிக்கிறேன்.”

“முதல்ல எழுந்திரு. கையை நீட்டு.”

நீட்டினார். மடித்த காகிதம் ஒன்றை அதில் வைத்து, ஆர்லோ அவர் விரல்களைப் பதமாக மூடினார்.

“யாரும் சாகல. ஷெரிஃப் மேலயே வழக்குன்னா சம்மன் கொடுக்கிறது கரோனர் வேலையாம், நெட்டி புத்தகத்துல காட்டினா. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு. வரலைன்னா பிடிச்சுட்டுப் போற அதிகாரமும் எனக்குத்தான். என்ன, என் வண்டியில பின்னால உட்கார இடம் கிடையாது, படுத்துக்கிட்டுத்தான் வரணும்.”