பச்சைக் கோடு

"மோந்து பாருங்கப்பா! பசை வாடை கொஞ்சமாவது இருக்கா?"

கண்ணாடிக் கூண்டின் ஓரத்துச் சிறு மூடியைத் திறந்து பிடித்திருந்தான் யாஷார். ஈரானின் தப்ரீஸ் நகரத்து ஷூ பட்டறை முதலாளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து முகர்ந்தார்கள்.

இல்லை. உள்ளே பசை டப்பா திறந்தேதான் கிடந்தது. ஆனாலும் வாடை இல்லை.

டப்பாவுக்குப் பக்கத்தில் யாஷார் தயாரித்து விற்கும் பெட்டி ஊதா நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. காற்றில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதைப் பிளாஸ்மாவாக்கி, வாடையைத் தின்றுவிடும் பெட்டி. பஜாரில் பாதிப் பட்டறைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

சேவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இது அவளுடைய ஆய்வுக்கூடம். பசையின் ஆவி பிளாஸ்மாவுக்குள் போனால் என்னவாகும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பிளாஸ்மா அதைத் தின்பதில்லை. உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகின்றன. மூக்கு அவற்றை அறியாது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும்.

பல மாதங்களாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். போன வாரம் வணிகர் சங்கத்தில், எல்லோர் முன்னாலும் யாஷார் கேட்டான்: "சேவில் மேடம், நீங்க எப்பவாச்சும் பட்டறைக்குள்ள காலை வச்சிருக்கீங்களா? உங்க கண்ணாடிக் குழாய்க்குள்ள நடக்கறதெல்லாம் ஊர்ல நடக்காது."

சபையே சிரித்தது. பட்டறைகளில் இருமிக்கொண்டே தோல் தைப்பவர்களின் முகங்கள் அவள் கண்முன் வந்து போயின. அன்று மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை. உன் பெட்டியையே எடுத்துவா என்றாள். எடுத்துவந்துவிட்டான்.

"மோந்து முடிச்சாச்சா?" என்றாள் இப்போது. "பெட்டியைப் போடறதுக்கு முன்னால இந்தக் கூண்டுக்குள்ள லேசர் அடிச்சுக் காட்டினேன். என்ன தெரிஞ்சுது?"

"சுவத்துல ஒரு பச்சைப் புள்ளி," என்றார் வாயில் சர்க்கரைக் கட்டியை அதக்கியபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர். "நடுவுல ஒண்ணும் இல்ல."

சேவில் விளக்கை அணைத்தாள். லேசரைப் போட்டாள்.

கூண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கம்பியை நீட்டியதுபோல், தடித்த பச்சைக் கோடு எரிந்தது. கோட்டுக்குள் புகை சுழன்றது.

முதலாளிகள் கண்ணாடியை நெருங்கி வந்தார்கள்.

"காத்துல துகள் இருந்தாத்தான் லேசர் இப்படிக் கோடாத் தெரியும். அந்தத் துகளைத்தான் உங்க ஆளுங்க நாள் பூரா இழுத்துக்கிட்டிருக்காங்க. வாடை போயிடுச்சுன்னு ஜன்னலையும் சாத்திட்டீங்க!"

முதலாளிகள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஒருவர் யாஷாரின் சட்டையைப் பிடித்தார். இதற்காகத்தான் சேவில் காத்திருந்தாள். கொலைகாரன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

யாஷார் யாரையும் தடுக்கவில்லை. பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையைப் பிடித்த கையை உதறிவிட்டு போனை எடுத்தான். மனைவியை அழைத்தான்.

"நிகார்... பாப்பா ரூம்ல இருக்கிற பெட்டிய அணை. இப்பவே. புதுப் பெயிண்ட் வாடை அடிச்சா அடிக்கட்டும்டி, ஜன்னலத் திற... எந்திரிக்கறவரைக்கும் காத்திருக்காத, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா!"