வெள்ளைக் கூரையின் கீழே

"நட்சத்திரத்தைப் பத்திப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ, இப்ப கூரைக்கு வெள்ளையடிக்கிறா!" என்று அம்மா தைவானின் தைனான் நகரத் தெருவில் புலம்பாத நாளில்லை.

யுன்ஜென் பல்கலைக்கழக வேலையை விட்டது அந்த வெள்ளைக்காகத்தான். பூமி சூடேறும் காலத்தில் வெயிலைத் திருப்பியனுப்பும் சாயம் அது. அம்மா வீட்டு மொட்டைமாடியில் காலியாகக் கிடந்த இரண்டு தகர அறைகளில், ஒன்றின் கூரைக்கு மட்டும் பூசி, இரண்டிலும் வெப்பமானி மாட்டியிருந்தாள். தலைநகரில் இருந்தபடி கைபேசியில் பார்த்தால், தினமும் மதியம் பூசிய அறைதான் அதிகமாகச் சுட்டது.

"அம்மா, நீ சொன்னதுதான் சரி. சாயம் தோத்துடுச்சு. சுரண்டி எடுத்துட்டு பழைய வேலைக்கே போறேன்" என்றாள் போனில்.

"ஐயையோ, சுரண்டாதடி! அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே!"

அந்தப் பதற்றம் இடித்தது. மறுநாள் மதியம் சொல்லாமல் வந்து மாடியேறினாள் யுன்ஜென்.

பூசாத அறை ஆளில்லாமல் கொதித்தது. பூசிய அறையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நாலு மேசை போட்டு மாஜோங் காய் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெப்பமானிக்கு நேர் கீழே அடுப்பில் தேநீர் கொதித்தது.

காயிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கத்தினாள்:

"யாருடி அது? கதவைச் சாத்து, குளிர்ச்சி வெளிய போகுது!"