மேட்டுப் பட்டறை

“வெட்கமா இல்லையா அங்கிள் உங்களுக்கு? தண்ணி இன்னும் முழுசா வடியலை. அதுக்குள்ள டிராயிங் கேட்டு வந்து நிக்கிறீங்க!”

சூ யிங் கையில் துடைப்பத்தோடு பட்டறை வாசலை மறித்து நின்றாள். முழங்கால் வரை சேறு. உள்ளே ஏழு மெஷின்களும் இரண்டு நாள் வெள்ளத்தில் ஊறிக் கிடந்தன.

தியோ அசரவில்லை. அதே சாலையின் மேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் சூ யிங்கின் அப்பா சியாவுக்கும் இருபது வருஷமாக ஆகாது. சிம்பாங் அம்பாட் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி அது. ஒருவர் ஒரு ரிங்கிட் விலை குறைத்தால் மற்றவர் இரண்டு ரிங்கிட் குறைப்பார். இருவரும் ஒரே கோப்பிக்கடைக்குத்தான் போவார்கள், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

“உன்கிட்ட பேச வரலை. உங்கப்பாவைக் கூப்பிடு.”

“எதுக்கு? எங்க ஆர்டரைத் தூக்கிட்டுப் போகவா?”

“வெள்ளிக்கிழமை நானூறு பீஸ் போகணும். உங்க மெஷின் ஓடுமா? சொல்லு, ஓடுமா?”

அந்த நானூறு பீஸும், கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதிக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் சின்னச் சின்னத் தாங்கிகள். பினாங்குத் தீவுப் பக்கம் இருக்கும் பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒன்று பாதியை சியாவிடமும் பாதியை தியோவிடமும் வாங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறினால் ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

சியா உள்ளேயிருந்து வந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடிப் போயிருந்தது. டிராயிங்குகள் இருந்த பென் டிரைவை, பிளாஸ்டிக் பையில் சுற்றியபடியே தியோவின் கையில் வைத்தார்.

“அப்பா! உங்களுக்கென்ன பைத்தியமா?”

“இங்க வெச்சிருந்தா மட்டும் மெஷின் ஓடிடுமா?”

தியோ அதோடு விட்டாரா? சேறு வாரிக்கொண்டிருந்த சியாவின் ஆட்களைப் பார்த்துக் கை தட்டினார்.

“ரோஸ்லி! நீயும் இன்னும் அஞ்சு பேரும் வண்டியில ஏறுங்க. இந்த பீஸை ஓட்டிப் பழகின கை வேணும்.”

ரோஸ்லி தயங்கினான். “தவுக்கே, போகட்டுமா?”

முதலாளி சியா தலையாட்டினார். வண்டி கிளம்பியது.

“பிணந்தின்னிக் கழுகு” என்றாள் சூ யிங், தியோ காதில் விழட்டும் என்றே.

புதன்கிழமை மனசு கேட்காமல் மேட்டுப் பட்டறைக்கே போய்விட்டாள். ரோஸ்லி ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். தட்டுத் தட்டாக அவர்களுடைய தாங்கிகள். தியோ ஓர் ஓரத்தில் நின்றபடியே பொட்டலத்தில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன, சேறு கழுவி முடிச்சாச்சா?”

“எங்க ஆளு, எங்க டிராயிங், எங்க பீஸ். பெயர்ப் பலகை ஒண்ணுதான் பாக்கி. அதையும் கழட்டிக் கொண்டாந்து தரட்டுமா?”

“வேணாம் லா. பார்க்கச் சகிக்காது அது.”

சூ யிங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் முன்னால் அழக் கூடாது என்று குரலை உயர்த்தினாள்.

“போன மாசம் பட்டறைக்காரங்க சங்கக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு என்னா பேச்சு பேசினீங்க! பத்து வருஷத்துல பினாங்கு வெறும் தாங்கி செய்யற ஊரா இருக்காது, சிப்பையே வடிவமைக்கற ஊரா மாறிடும்னு. அடுத்தவன் முழுகினதும் அள்ளிக்கிறதுதானா அந்த எதிர்காலம்?”

“நான் சொன்னது நடந்தாலும் நடக்கும். எல்லாக் கம்பெனியும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வியட்நாமுக்குப் போனாலும் போகும். யாரு கண்டா?” தியோ கையைத் துடைத்துக்கொண்டார். “வழியை விடும்மா, பெட்டி ஏத்தணும்.”

இவரிடம் பேசி என்ன பயன்? திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை காலை, எல்லாரும் மரியாதையாகப் புவான் என்றழைக்கும் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி நோரைனி கையில் கோப்போடு வந்து இறங்கினார். சியா வெளியே வரவே இல்லை. சூ யிங்தான் எதிரே போய் நின்றாள்.

“தெரியும் புவான். ஒப்பந்தத்தை தியோ அங்கிளுக்கு மாத்தறீங்க. எங்க கையெழுத்து வேணும். அவ்வளவுதானே?”

“யாரு சொன்னது? நானூறு பீஸும் நேத்து உங்க பேர்ல வந்து சேர்ந்தாச்சே! இது அடுத்த வருஷத்து ஒப்பந்தம். உங்க அப்பா கையெழுத்து போடணும்.”

“எங்க பேர்லயா? செஞ்சது அவராச்சே!”

“எங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் செஞ்சாரு. எங்க ஆளுங்க போய் எல்லாத்தையும் அளந்தும் பார்த்துட்டாங்க. அவரோட பங்குதான் ஒரு வாரம் தாமதம். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காரு.”

சூ யிங்குக்குக் கழுகு என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நோரைனி குரலைத் தாழ்த்தினார். “வெள்ளம் வந்த அன்னிக்கே, உங்க பங்கையும் சேர்த்து எடுத்துக்கிறீங்களான்னு அவர்கிட்ட கேட்டோம். வேணாம்னுட்டாரு.”

“ஏன்?”

“நானும் அதையேதான் கேட்டேன். ‘ஒரே ஒரு பட்டறை இருக்கிற ஊரை நம்பி உங்க கம்பெனி எத்தனை நாள் இங்க இருக்கும்? சியா எழுந்து நிக்கட்டும் புவான். அவனோட சண்டை போட்டுப் போட்டுத்தான் நான் இந்தத் தொழிலையே கத்துக்கிட்டேன்’னாரு.”