ஒன்பது சதவீதம்

பக்கத்துல வந்து உட்காருங்க. இது சத்தமாச் சொல்ற கதை இல்ல.

ஒரு பெண்கள் விடுதி. ஒரே அறையில் இரண்டு பேர். இரண்டு பேரும் புள்ளியியலில் கடைசி வருஷம். ஒருத்திக்குப் பட்டப்பெயர் கால்குலேட்டர். இன்னொருத்தி நெட்டை.

மேல்படிப்புக்கு யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று கால்குலேட்டர் கணக்குப் போட்டுக் கொடுப்பாள். முன்னால் படித்துவிட்டுப் போன ஆறு வருஷத்துப் பெண்களின் மார்க், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாருக்குக் கையை விரித்தார்கள், எல்லாம் அவளிடம் இருந்தது. சொன்னால் சொன்னபடி நடக்கும். அவள் கட்டிலைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான்.

நெட்டையும் ஒருநாள் கேட்டாள். ஒரு பெரிய பல்கலைக்கழகம். இருவருக்குமே அதன்மேல்தான் கண்.

கணக்கு வந்தது. முதலில் கால்குலேட்டர் மட்டும்தான் பார்த்தாள். நெட்டைக்கு நாற்பத்தொரு சதவீதம். கால்குலேட்டருக்கு முப்பத்தெட்டு.

இங்கேதான் வினை. அவர்கள் பேராசிரியை ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருஷத்துக்கு ஒரே ஒருத்தியைத்தான் பரிந்துரைப்பார். ரெண்டு பேரையும் உசத்தின்னு எழுதினா அங்க இருக்கறவன் ஒருத்தியையும் நம்பமாட்டான் என்பார்.

நெட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கால் கடுக்க நின்று, நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறித்து ஓர் ஆய்வு செய்திருந்தாள். கால்குலேட்டர் அந்த ஒரு வரியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கினாள். நாற்பத்தொன்று, ஒன்பதாகச் சரிந்தது. அதை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஒன்பதா?" நெட்டை சிரித்தாள். "பரவால்லடி. பூஜ்யம் வரும்னுல்ல இருந்தேன்."

அன்றிலிருந்து கால்குலேட்டர் நெட்டையின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. நெட்டை என்னவோ எப்போதும்போல இவள் பாட்டிலிலும் தண்ணீர் பிடித்து வைப்பாள், கொடியில் காயும் இவள் துணியையும் மடித்து வைப்பாள். இவளோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள்.

பரிந்துரைக் கடிதம் அனுப்பக் கடைசி நாள் சாயங்காலம். போவோமா வேண்டாமா என்று பத்துத் தடவை செருப்பைப் போட்டுக் கழற்றிவிட்டு, பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"உனக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றார் அவர், இவள் வாயைத் திறக்கும் முன்பே. "அஞ்சு மணிக்கு அனுப்பிடுவேன்."

உண்மையில் நெட்டைக்குத்தான் எழுத இருந்தாராம். திங்கட்கிழமை நெட்டையே ஒரு தாளோடு வந்து, எனக்கு ஒன்பதுதான் மேடம், அவளுக்கு எழுதுங்க என்றாளாம். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்குமோ என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு அவ சொன்னதுதான் எனக்கு விளங்கல. 'கணக்குல தப்பே பண்ணாதவ மேடம் அவ. அதுலேருந்தே தெரியலையா, இந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேணும்னு?' அப்படின்னா. ரெண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? சரி, இந்தா, உன் தாளு."

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தாள். காற்றில் தாள் புரண்டது.

பின்பக்கம் முழுக்கப் பென்சில். நெட்டையின் சாய்ந்த கையெழுத்து. கணக்கை முதலிலிருந்து போட்டிருந்தாள். விட்டுப்போன ஆஸ்பத்திரி வரி அதற்குரிய இடத்தில் இருந்தது. அடியில் நாற்பத்தொன்று, அதன்கீழே அவள் வழக்கப்படி இரண்டு கோடு. ஒரு வசவு இல்லை, ஒரு கேள்வி இல்லை.

வராந்தாவில் ஈ காக்கை கிடையாது. ஆனாலும் கால்குலேட்டர் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். தாளை அவர் மேஜைமேல் வைத்தாள், பென்சில் பக்கம் மேலே தெரியும்படி.