கழுதை நடை

மூன்றாவது முறையாக அந்தப் பெட்டியைக் காருக்கு அடியிலிருந்து இறக்கியபோது கல்ஃபானுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பது கிலோ இரும்பு. ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய, நெஞ்சைக் கொடுத்துத்தான் தாங்கினான்.

இன்ஜினின் இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் பங்கு போடுகிற பெட்டி அது. அதன் பழைய பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, துபாயிலிருந்து வரவழைத்த புதுச் சக்கரங்களை மாட்டப் பத்து நாளாக வீட்டு முற்றத்தில் மல்லுக்கட்டுகிறான். முதல் தடவை புதுச் சக்கரம் பெட்டியின் உட்சுவரில் இடித்தது. கிரைண்டரால் சுவரைத் தேய்த்தான். இரண்டாம் தடவை ஆயில் சீல் ஒழுகியது. இந்தத் தடவை எல்லாம் சரி, ஆனால் மெது கியரில் போட்டால் டக், டக் என்று ஒரு சத்தம்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. பிதியாவில் வெள்ளி மாலை என்றால் ஊரே மணல்மேட்டில் கார் ஏற்றப் போய்விடும். இந்த வாரம் நீயும் ஏறப்போகிறாயா என்று தெருவில் கேட்காத ஆளில்லை. கல்ஃபான் தலையை மறுபடி காருக்கு அடியில் நுழைத்துக்கொள்வான்.

சனிக்கிழமை அவன் அண்ணன் ஸுலையமை அவருடைய மகள் வந்து மஸ்கட்டுக்கு அழைத்துப் போகிறாள். இனி அவருக்கு அங்கேதான் வாசம். அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும், அவ்வளவுதான் கல்ஃபானுக்கு.

அந்த அண்ணனோ காஃப் மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு தம்பியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கார் அவருடையது. இருபது வருடம் அதே காரில் அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். காரை விட்டுக்கொடுத்தாரே தவிர வாயை விட்டுக்கொடுக்கவில்லை.

"மணலுக்கு வேகம்தான்டா வேணும். இது கல்லு மலை ஏறுறவன் மாட்டுற சக்கரம். ஊர்ல எல்லாரும் வேகமாப் போகச் செலவு பண்றான், நீ மெதுவாப் போகப் பண்ற. எங் குதிரையக் கழுதையாக்கிட்டியே."

கல்ஃபான் ஸ்பேனரைக் கீழே எறிந்துவிட்டு முறைத்தான். அண்ணனிடம் அதெல்லாம் எடுபடாது.

காப்பி கொண்டுவந்த ராயா, கணவனின் காதருகே குனிந்து, எதற்கு இப்படித் திட்டு வாங்குகிறீர்கள், விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள். சொன்னால் வீம்பு பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கமே வரமாட்டார் என்று அவன் எரிந்து விழுந்தான். பாவம், அவள் மேல் என்ன தப்பு. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாலைக்குள் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அதை இங்க குடு," என்றார் ஸுலையம்.

பெரிய சக்கரத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. "இந்தப் பல்லு நுனியில பிசிறு நிக்குது பாரு. கீழ போட்டியா?"

கிரைண்டர் பிடித்த அன்று சக்கரம் கைநழுவிச் சிமெண்டில் விழுந்தது உண்மைதான். அதைக் கல்ஃபான் ராயாவிடம்கூடச் சொல்லவில்லை. அரம் எடுத்து அந்தப் பல்லைத் தேய்த்தான்.

வியாழன் மதியம் பெட்டி மேலே ஏறியது. மெது கியரில் சத்தமே இல்லை. பாயிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ஸுலையம், "சத்தம் போச்சு. கூடவே என் வண்டியும் போச்சு," என்றார். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அவரிடமிருந்து கிடைத்த பாராட்டு அதுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகையும் சாப்பாடும் முடிந்ததும் அண்ணனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கார்களெல்லாம் மணல்மேட்டுப் பக்கம் போக, கல்ஃபான் எதிர்த்திசையில் திருப்பினான்.

ஸுலையம் சிறிது தூரம்தான் பொறுத்தார். "டயருக்கடியில கல்லு நொறுங்குதே. மேடு அந்தப் பக்கம்டா. ஏற பயமாயிருந்தா சொல்லு, வீட்டுக்குப் போயிரலாம்."

கல்ஃபானுக்குச் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டவெளியின் நடுவே வண்டியை நிறுத்தி, மெது கியரைத் தட்டினான். கார் ஊர்ந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை நடந்து வந்தால்கூட முந்திக்கொண்டு போயிருக்கும்.

"இப்ப சொல்லு, இந்த வேகத்துல எதை ஏறப்போற நீ?" என்றார் ஸுலையம்.

"எதையும் ஏறப்போறதில்ல. இங்கேருந்து அஞ்சு கிலோமீட்டருக்குக் குறுக்கே ஒரு முள்ளுச் செடிகூட இல்ல. போன வாரமே வந்து நடந்து பார்த்துட்டேன்."

வண்டியை நிறுத்தி இறங்கினான். சுற்றிவந்து, அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்தான். ஓட்டுகிற பக்கம் கூட்டிவந்து உட்காரவைத்து, அந்தக் கையை ஸ்டீயரிங்கில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே, கண்ணுக்கு நான் இருக்கேன்."