ஆண்டவருக்கு வழி சொன்னவள்

"ஆண்டவரே, அந்தப் பொண்ணு பாப்பா வூடு எதுன்னு கேட்டீர்னா, மதகைத் தாண்டி வாரும். பீச்சாங்கைப் பக்கம் மூணாவது வூடு. கூரை சரிஞ்சு கீது பாரும், அதான்."

ரெபேக்காள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் மோசஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு ஆராதனையில் யாராவது ஒருவர் எழுந்து வாய்விட்டு ஜெபிப்பது அந்தச் சின்னச் சபையின் வழக்கம். ரெபேக்காள் எழுந்தால் போச்சு. ஆண்டவருக்கே ஊர்வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

அதுவும் இன்றைக்கா? செங்கல்பட்டிலிருந்து போதகர் வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் அவர் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 'உபதேசியாரே, இதுதான் நீர் ஜெபம் சொல்லிக்கொடுத்த லட்சணமா?' என்று கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"புள்ள பெத்த பச்சை ஒடம்பு, ஆண்டவரே. உப்பளத்துக்குப் போன புருசன் முத்துசாமிகிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்ல. காய்ச்சல்ல எழுந்திருக்க முடியாம கெடக்குறா. அடுப்புல பூனை தூங்குது. எங்கிட்ட இருந்த நொய்யரிசியும் தீந்துபோச்சு. நீர் வந்து கதவைத் தட்டினீர்னா..."

"ஆமென்!" என்றார் மோசஸ், கூரை அதிர.

சபையும் "ஆமென்" என்றது. ரெபேக்காள் திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்தாள்.

போதகரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு, பாய் சுருட்டிக்கொண்டிருந்த ரெபேக்காளைப் பிடித்துக்கொண்டார் மோசஸ்.

"ஏம்மா, உனக்கு எத்தனை தரம் சொல்றது? ஆண்டவர் இன்னா தபால்காரரா, விலாசம் சொல்றதுக்கு? நாம வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு எல்லாம் தெரியும்!"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா மதகு, பீச்சாங்கை, சரிஞ்ச கூரைன்னு சொல்லிகினு இருக்கே? என் மானமே போச்சு. இனிமே நீ மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணு!"

"மனசுக்குள்ள பண்ணா எப்டி ஐயா..."

அதற்குள் சபையைச் சேர்ந்த சாராள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் கஞ்சித் தூக்கு.

"அக்கா, நீ ஜெபத்துல சொன்ன வூட்டாண்ட போனேன். தட்டித் தட்டிக் கையே நோவுது. கதவு தொறக்கல. உள்ள குழந்தை அழுவுது. எப்டி உள்ள போறது?"

மோசஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடியே ரெபேக்காள் மேல் எரிந்து விழுந்தார்.

"மரமாட்டம் நிக்கறியே! எப்டின்னு அவகிட்ட சொல்லேம்மா!"

"எப்டி ஐயா சொல்றது? 'என் பொழப்பு ஊருக்குத் தெரிய வேணாம், மனுசங்க யார்கிட்டயும் சொல்லாதே, ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லு'ன்னு பாப்பா அழுதுகினே எங்கிட்ட வாக்கு வாங்கிகினாளே!"

சொன்னவள் அங்கேயே முழங்கால் போட்டாள். கண்ணை மூடினாள். குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஆண்டவரே, முன்பக்கம் தட்டாதேயும்! கொல்லப்பக்கம் படல் கதவு தொறந்துதான் கீது, கஞ்சி ஆறுறதுக்குள்ள நீர் அப்டியே உள்ள போய்டும்!"