யோபுவின் கடைசி அதிகாரம்

பேனா பதின்மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டது.

ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். பத்துப் பிள்ளைகளோடு எல்லாம் இழந்த யோபுவுக்குப் புதிதாகப் பிறந்தவர்கள்.

சபையார் சேர்ந்து வேதாகமத்தைக் கையால் எழுதுகிறார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் என்று சீட்டுப் போட்டார்கள். அவள் கையில் யோபு வந்தது. வேறு சீட்டு எடுக்கட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டவர் சித்தம் என்றார்கள். எதற்கும் பொருந்துகிற பதில்.

ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது உத்தரவு.

அவள் மகள் எப்சிபா பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலையில் போனாள். இரண்டு வருடமாகிறது. அடக்க ஆராதனை முடிந்த அன்றோடு தாய் ஜெபத்தை நிறுத்திவிட்டாள். கோயிலுக்குப் போவாள், பாடுவாள், கண்ணை மூடுவாள். உள்ளே ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பிள்ளையை எடுத்துக்கொள்கிறவரிடம் பேச என்ன இருக்கிறது?

எழுதியதைத் திரும்பப் படித்தாள்.

ஆடு இரண்டு மடங்கு. ஒட்டகம் இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் அதே பத்து. செத்துப்போன பத்துப் பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுபடியும் பத்துப் பெற்றவளைப் பற்றியும் இல்லை.

இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள்.

போன மாதம் மகனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. போதகரின் மனைவி ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இனி அழக் கூடாதுக்கா. எப்சிபாவ எடுத்த ஆண்டவரே பேத்தியத் தந்துட்டாருல்லா."

அதே குரல்தான்.

இதை எழுதியவர் துக்க வீட்டுக்கு வந்து போனவர். அந்த வீட்டில் இருந்தவர் இல்லை. தனக்குத் தெரிந்த ஆறுதலை ஆண்டவர் பேரில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் ஆண்டவர் எடுத்தார் என்றதும் இவர்கள் சொன்னதுதானா?

மதிய வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. அழுகை வந்தது. இந்தத் தடவை அது தனக்காக மட்டும் இல்லை.

வசனத்தை உள்ளது உள்ளபடியே எழுதினாள். பேனாவை மூடினாள்.

"உம்மப் பத்தி இப்படி எழுதி வச்சிருக்காவளே," என்றாள், வாய்விட்டு. "உமக்கு வலிக்கலியா?"

சொல்லிவிட்டு, பதில் வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.